இருபத்தெட்டு செக்கன், இரண்டு ரீபவுண்ட்: 2013இல் சான் அன்டோனியோ ஏன் தோற்றது?

யூடியூபில் அந்தக் கூடைப்பந்தாட்டக் காட்சி அரை நிமிடம்கூட வராது. மியாமி ஹீட் அணியின் லெப்ரோன் ஜேம்ஸ் தூரத்தில் இருந்து மூன்று புள்ளிக்கு எறிகிறார், தவறுகிறது. தெறித்து வரும் பந்தை அதே அணியின் கிறிஸ் போஷ் எகிறிப் பிடிக்கிறார்; இதைத்தான் ரீபவுண்ட் என்பது. ரே அலன் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே கால் வைத்து வலது மூலைக்குப் போகிறார். பந்து வருகிறது, எறிகிறார், உள்ளே போகிறது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸோடு 95–95, சமம். திருகோணமலையில் பின்னேரங்களில் பந்து தட்டுகிற பெடியன்களுக்கு இது மனப்பாடம். ஆட்டம் நடந்தபோது பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட, மூலையில் நின்று ஒரு பந்தைப் போட்டுவிட்டு “ரே அலன்!” என்று கத்துகிறார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதிலும் தயாராக இருக்கும். அலன் அடித்தார், ஸ்பர்ஸ் தோற்றது. கொஞ்சம் விபரம் தெரிந்தவர் என்றால், ஸ்பர்ஸ் பயிற்றுநர் பொப்போவிச் தன் உயரக்காரர் டங்கனை வெளியே எடுத்தார், அதனால் தோற்றது என்பார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கிளிப் தொடங்குகிற இடமே பிந்திவிட்டது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு செக்கனுக்கு முன்னால், அதே பிழை ஒரு தடவை நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பகுதியை யாரும் வெட்டிப் போடுவதில்லை.

நடந்தது 2013 யூன் 18, மியாமியில். நமக்கு அது 19ஆம் திகதி புதன்கிழமை காலை. ஆறரைக்குத் தொடங்கி, வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய நேரத்தை விழுங்கிக்கொண்டு ஒன்பதைத் தாண்டி இழுத்த ஆட்டம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்பிஏயின் இறுதித் தொடரில் ஆறாவது போட்டி. ஏழில் நான்கு வென்றால் கிண்ணம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 3–2 என்று முன்னால் நின்றது. அன்று வென்றிருந்தால் கதை முடிந்தது. அதற்கு முன் 1999, 2003, 2005, 2007 என்று நான்கு தடவை இறுதிக்கு வந்து நான்கிலும் வென்ற அணி அது. இறுதித் தொடரில் தோல்வி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

முதலில் கடைசி நிமிடத்தை மறந்துவிட்டு ஆட்டத்தை முழுதாகப் பார்க்கலாம். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளிலும் ஸ்பர்ஸ் எடுத்த புள்ளிகள் 25, 25, 25, 20. மியாமி ஹீட் எடுத்தவை 27, 17, 21, 30. முதல் முப்பத்தாறு நிமிடம் ஸ்பர்ஸ் மணிக்கூடு மாதிரி ஓடியிருக்கிறது. மூன்றாம் கால்பகுதி முடியும்போது 75–65, பத்துப் புள்ளி முன்னிலை. நான்காவதில் மியாமி முப்பது எடுத்தது.

அந்த முப்பதில் பதினாறு லெப்ரோனுடையது. அதற்கு முந்திய மூன்று கால்பகுதிகளையும் சேர்த்தே அவர் எடுத்தது பதினான்குதான். நெற்றிப்பட்டி கழன்று விழுந்து, மொட்டை விழத் தொடங்கிய நெற்றியோடு அவர் விளையாடிய பகுதியைத்தான் ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மைக் மில்லர் ஒரு சப்பாத்து கழன்ற காலோடு மூன்று புள்ளி அடித்ததும் அதே நேரத்தில்தான். மாரியோ சால்மர்ஸ் ஆட்டம் முழுக்க 20 புள்ளி எடுத்தார்; அவரை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை, பாவம்.

மறுபக்கம் டிம் டங்கன். அப்போது வயது 37. முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி. மூன்றாவது கால்பகுதியில் ஐந்து. அதற்குப் பிறகு நான்காவதிலும் மேலதிக நேரத்திலும் பூச்சியம். மொத்தம் 30 புள்ளி, 17 ரீபவுண்ட் என்று ஸ்கோர் தாளில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் பந்து அவர் கையில் இருந்து வளையத்துக்குள் போவது மூன்றாவது கால்பகுதியோடு நின்றுவிட்டது. மியாமி அவரைச் சுற்றி ஆட்களைக் கூட்டியது ஒரு காரணம். கால் களைத்தது இன்னொன்று. ஸ்பர்ஸ் பந்தை உள்ளே கொடுக்கும் பொறுமையை இழந்ததும் சேர்ந்துகொண்டது. வெளியே இருந்து எறியவும் ஆள் இல்லை. டானி கிரீன் முதல் ஐந்து போட்டிகளில் 25 மூன்று புள்ளி எறிவுகளைப் போட்டு, இறுதித் தொடருக்கான பழைய சாதனையை உடைத்திருந்தவர். உடைபட்ட சாதனை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? ரே அலனுடையது. ஆறாவது போட்டியில் மியாமி கிரீனை விட்டு நகரவேயில்லை, ஒன்றுதான் போனது. டோனி பார்க்கர் தொடைத்தசை வலியோடு விளையாடி 23 எறிவில் ஆறு. மனு ஜினோபிலி பந்தை எட்டுத் தடவை எதிரணியிடம் விட்டார்.

இவ்வளவும் இருந்தும் ஸ்பர்ஸ் வெல்ல வேண்டிய ஆட்டமாகத்தான் அது இருந்தது. கடைசி ஒன்றரை நிமிடத்தில் பார்க்கர் லெப்ரோனின் தலைக்கு மேலால் ஒரு மூன்று புள்ளி அடித்து 89–89 ஆக்கினார். அடுத்து பந்தைத் தட்டிப் பறித்து, சுழன்று போய் 91–89. அப்போது இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்புறம் லெப்ரோனே இரண்டு தடவை பந்தை விட்டார். ஜினோபிலி ஃப்ரீத்ரோ கோட்டுக்குப் போய் (ஃபவுலுக்குக் கிடைக்கிற, யாரும் மறிக்காத எறிவு; ஒன்றுக்கு ஒரு புள்ளி) முதல் தடவை இரண்டு, அடுத்த தடவை இரண்டில் ஒன்று. 94–89, மிச்சம் 28.2 செக்கன். அரங்கில் இருந்த மியாமி ரசிகர்கள் பலர் எழும்பி வெளியே போய்விட்டார்கள். கிண்ணம் கொடுக்கும் சடங்குக்காக ஆட்களை ஒதுக்குகிற மஞ்சள் கயிறு கோர்ட் ஓரத்துக்கு வந்துவிட்டது.

இங்கிருந்துதான் மெதுவாகப் பார்க்க வேண்டும்.

28.2 செக்கனில் பயிற்றுநர் கிரெக் பொப்போவிச் டங்கனை வெளியே எடுத்து, போரிஸ் டியாவை உள்ளே விட்டார். ஐந்து புள்ளி முன்னிலை என்றால் எதிரணிக்கு மூன்று புள்ளி எறிவு வேண்டும். மூன்று புள்ளிக் கோட்டில் ஓடி ஓடி மறிக்க உயரமான, களைத்த டங்கனைவிட டியாவ் தோது என்பது கணக்கு. லெப்ரோன் எறிந்தார், தவறியது. பந்து இரண்டு மூன்று கைகளில் பட்டுத் தெறித்து மில்லரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் மறுபடி லெப்ரோனுக்குத் தந்தார். இந்தத் தடவை போனது. 94–92, மிச்சம் 20.1. இதுதான் முதலாவது ரீபவுண்ட்.

உடனே காவாய் லெனர்ட் மேல் ஃபவுல். வயது 21. இரண்டில் ஒன்று போனது. 95–92, மிச்சம் 19.4. மறுபடி டங்கன் வெளியே. மறுபடி லெப்ரோன் எறிந்தார், மறுபடி தவறியது, மறுபடி ரீபவுண்ட் மியாமிக்கு. இந்தத் தடவை போஷ். அவரோடு பந்துக்குப் பாய்ந்தவர் ஜினோபிலி. ஆறடி ஆறங்குலக்காரர் ஆறடி பதினொரு அங்குலக்காரரோடு என்ன செய்ய முடியும்? போஷ் இறங்கியவுடனேயே மூலைக்குப் பந்தை விட்டார். பார்க்கர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிந்திவிட்டார். மிச்சம் 5.2 செக்கன்.

ஆக, 28 செக்கனுக்குள் மியாமி மூன்று புள்ளி எறிவுகள் இரண்டைத் தவறவிட்டது. இரண்டையும் ஸ்பர்ஸ் திருப்பிக் கொடுத்தது. இரண்டில் ஏதாவது ஒன்றை எடுத்திருந்தாலும் அலன் மூலையில் நிற்க வேண்டிய தேவையே வந்திருக்காது. நான் ஆட்டத்தின் தோல்வியை வைப்பது இங்கேதான். மற்றதெல்லாம் இதற்கு வழிவிட்டவை.

ஃப்ரீத்ரோவைக் குற்றம் சொல்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. லெனர்ட், ஜினோபிலி இருவருமே அந்தப் பருவத்தில் நூற்றுக்கு எண்பது அளவில் போட்டவர்கள். எண்பது சதவீதக்காரர் இரண்டையும் போடுவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். 28.2 செக்கனிலும் 19.4 செக்கனிலும் எறிந்த நாலும் போவதற்கான வாய்ப்பு 41 சதவீதம்தான். நாலில் ஒன்றாவது தவறும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். இரண்டு பேரும் ஒவ்வொன்று தவறவிட்டது துரதிர்ஷ்டம்தான், ஆனால் அதிசயம் இல்லை. கடைசி நிமிடத்தில் ஸ்பர்ஸ் எறிந்த ஆறில் நாலு போனது. எண்பது சதவீதத்துக்கு எதிர்பார்க்க வேண்டியது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. குறைந்தது ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஒரு புள்ளி மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து விழுந்ததுதான் கொடுமை. நாலு புள்ளி முன்னிலையில் ஒரு எறிவு போதாது. மூன்றில் போதும்.

ரீபவுண்டுக்கும் அதே மாதிரிக் கணக்குப் போடலாம். அந்தக் காலத்து என்பிஏயில் ஒரு எறிவு தவறினால் எறிந்த அணியே பந்தைத் திரும்ப எடுப்பது ஏறத்தாழ நாலில் ஒரு தடவை. அடுத்தடுத்து இரண்டு தடவை எடுப்பது பதினாறில் ஒன்று. அதிலும் மியாமி, லீக்கிலேயே குறைவாக ரீபவுண்ட் எடுத்த அணிகளில் ஒன்று. உயரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிய அணி அது. அப்படிப்பட்ட அணியிடம் ரீபவுண்டில் தோற்பது எப்படி?

கிழக்கிலே கூடைப்பந்தாட்டம் பழையது என்பதால் இந்தக் கேள்வி நமக்குப் புதிதில்லை. நியூ ஒர்லியன்ஸ் பக்கம் இருந்து 1940களில் வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளை நடத்தினார்கள். பந்தும் அவர்களோடு வந்து வேர்விட்டது. புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயிற்றுவித்த யூஜின் ஹேபர்ட் அடிகளாரை, 1990 ஓகஸ்டில் அவர் காணாமற்போன பிறகும், பழைய ஆட்டக்காரர்கள் விட்டுவிடாமல் பேசுவார்கள். அந்த வழியில் வந்த சேர்மார் எறியப் பழக்குவதற்கு முன்னால் பொக்ஸ் அவுட் பழக்குவார்கள். பந்தைப் பார்க்காதே, ஆளைப் பார்; முதுகை அவன்மேல் வை; அப்புறம் எகிறு. சின்ன வயதில் இதைவிடச் சலிப்பான பயிற்சி வேறில்லை.

ஸ்பர்ஸுக்குப் பொக்ஸ் அவுட் தெரியாமல் இல்லை. அங்கே நடந்தது வேறு. மூன்று புள்ளி எறிவை மறிக்க அவர்கள் எடுத்த வழி ‘ஸ்விட்ச்’. எதிரணிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து மறைப்புக் கொடுத்தால், மறிக்கிற இருவரும் ஆளை மாற்றிக்கொள்வார்கள். யாரும் ஒரு கணம்கூடத் தனித்து நிற்க மாட்டார்கள், எறிவதற்கு இடைவெளி கிடைக்காது. நல்ல வழிதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மாற்றி மாற்றிப் போகும்போது உயரமானவர் வெளியே கோட்டுக்கு இழுபட்டுவிடுவார். வளையத்துக்குக் கீழே எதிரணி உயரக்காரரோடு நமது குள்ளர் மிஞ்சுவார். ஜினோபிலி போஷுக்குப் பக்கத்தில் நின்றது அப்படித்தான். இன்னொன்று, தூரத்தில் இருந்து எறிந்த பந்து தவறினால் தூரத்துக்குத்தான் தெறிக்கும். வளையத்தடியில் காத்து நிற்கிறவரைத் தாண்டி, ஓடுகிறவர்களிடம் போகும். மறிப்பவர்கள் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அந்தத் தெறிப்பு வந்தால், யார் யாரை மறிப்பது என்பது ஒரு நொடிக்கு யாருக்கும் தெரியாது.

இதை வைத்து எங்கள் பக்கத்துக் கோர்ட் ஓரத்தில் ஒரு விவாதம் ஓடும். கச்சான் காற்று விழுந்து, இனி எறிந்தால் பந்து நேரே போகும் என்று நம்பிக்கை வருகிற பின்னேரத்தில், வரம்பில் குந்தியிருந்து ஆரம்பிப்பார்கள்.

“சேர், டங்கனை ஏன் வெளியில எடுத்தவர்? அவர் நிண்டிருந்தா போஷுக்குக் கிடைச்சிருக்குமோ?”

“டங்கன் நிண்டிருந்தா போஷ் வெளியில வந்து கோட்டில நிண்டிருப்பான் தம்பி. அவனும் த்ரீ அடிக்கிறவன்தானே. டங்கனும் பின்னால போக வேணும். பிறகு கீழ ஆர்?”

சேர் சொல்வது வெறும் சமாளிப்பு இல்லை. பொப்போவிச் அந்தப் பருவம் முழுக்க இப்படியான நேரங்களில் இப்படித்தான் செய்தார். மியாமி ஐந்து பேரையும் வெளியே பரப்பி நிற்க வைக்கக்கூடிய அணி. டங்கன் போஷைத் தேடிக் கோட்டுக்கு ஓட வேண்டி வந்தால் அவருடைய உயரத்தால் என்ன பிரயோசனம்?

ஆனாலும் இரண்டு தடவை எடுத்ததையும் ஒரே தீர்மானமாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம். 19.4 செக்கனில் முன்னிலை மூன்று. ஒரே ஒரு எறிவு ஆட்டத்தைச் சமமாக்கும். அந்த நேரத்தில் கோட்டை அடைப்பதுதான் முதல் வேலை. டங்கனை எடுத்ததில் பிழை சொல்ல முடியாது. 28.2 செக்கனில் முன்னிலை ஐந்து. மியாமி மூன்று புள்ளி அடித்தாலும் இரண்டு புள்ளி பின்னால்தான். அங்கே ஸ்பர்ஸை அழிக்கக்கூடியது ஒரு எறிவு இல்லை. நேரம் ஓடாமல் எறிவு மேல் எறிவு கிடைப்பதுதான். ஐந்து புள்ளி முன்னிலையில், எதிரணியின் முதல் எறிவு தவறி அந்தப் பந்து நம் கைக்கு வந்தால் ஆட்டம் முடிந்த மாதிரித்தான். அதாவது ரீபவுண்டின் விலை மிகக் கூடின நேரம் அது. அந்த நேரத்தில் அன்றிரவு பதினேழு ரீபவுண்ட் எடுத்த மனிதர் வாங்கில் இருந்தார். எல்லாரும் இரண்டாவது தடவையைத் திட்டுகிறார்கள். நான் முதலாவதைத்தான் திட்டுவேன்.

அடுத்த கேள்வி, ஃபவுல் பண்ணியிருக்கலாமே என்பது. மூன்று புள்ளி முன்னிலையில், எதிரணி எறிவதற்கு முன்னாலேயே வேண்டுமென்று ஃபவுல் பண்ணினால் அவர்களுக்கு இரண்டு ஃப்ரீத்ரோதான். இரண்டும் போனாலும் ஒரு புள்ளி பின்னால். சமமாக்க வேண்டுமானால் முதலாவதைப் போட்டு, இரண்டாவதை வேண்டுமென்று தவறவிட்டு, அந்தப் பந்தை எடுத்து மறுபடி போட வேண்டும். ஃப்ரீத்ரோ நேரத்தில் வளையத்துக்குக் கிட்டிய இடங்கள் மறிக்கிற அணிக்கே உரியவை என்பதால் அது லேசில் நடக்காது. கணக்கில் இது நல்ல வழி. ஆனால் 19 செக்கன் மிச்சம் இருக்கும்போது பண்ணினால் ஆட்டம் நீளும். நீங்களும் மறுபடி ஃப்ரீத்ரோ கோட்டுக்குப் போக வேண்டும். இப்போதுதான் இரண்டு தடவை தவறவிட்டு வந்திருக்கிறீர்கள். எறிகிற கணத்தில் கை பட்டுவிட்டால் மூன்று ஃப்ரீத்ரோ. பந்தும் உள்ளே போய்விட்டால் நாலு புள்ளி. லெப்ரோன் எறியப் போகிறார் என்று தெரிந்தும் அவரைத் தொடாமல் விட்டதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போஷ் பந்தை எடுத்த கணம் அப்படியில்லை. அப்போது பத்துச் செக்கனுக்கும் குறைவு. போஷ் நின்றது மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே. அந்த இடத்தில் அவரை அணைத்துப் பிடித்திருந்தால் இரண்டு ஃப்ரீத்ரோவோடு போயிருக்கும். சொல்வது லேசு, பந்து அவர் கையில் இருந்தது ஒரு செக்கன் இருக்குமோ என்னவோ. அதற்குள் யோசித்துச் செய்ய முடியாது. ஏற்கனவே சொல்லி வைத்திருந்தால்தான் முடியும்: “எறிவு தவறி அவன் எடுத்தால், உடனே பிடி.”

நமது பெடியன்கள் இதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்யப் போய்ச் சிக்கலில் மாட்டுவதையும் சொல்ல வேண்டும். இங்கே நடப்பது ஃபிபா விதி. பந்தைத் தட்ட முயலாமல் ஆளைக் கட்டிப் பிடித்தால் நடுவர் அதை விளையாட்டு ஒழுங்குக்கு மாறான ஃபவுல் என்று கொடுக்கலாம். அப்போது இரண்டு ஃப்ரீத்ரோவும் அவர்களுக்கு, பந்தும் அவர்களுக்கு. மூன்று புள்ளி முன்னிலை ஒரே விசிலில் கரைந்துவிடும். ஃபவுல் பண்ணுவதென்றால் பந்தை நோக்கிக் கை போக வேண்டும். இதைப் பயிற்சியில் செய்து பார்க்காமல் மட்சில் செய்யக் கூடாது.

ரே அலனிடம் வருவோம். மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவில் என்பிஏ கோர்ட்டில் மூன்றடிதான் இடம். ஒரு பெரிய சப்பாத்தை முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று வைத்தாலே பாதி முடிந்துவிடும். அந்த மூன்றடிக்குள், பின்பக்கமாக, கோட்டைப் பார்க்காமல், இரண்டு காலையும் கொண்டுபோய் வைத்துவிட்டு அவர் எறிந்தார். முன்னால் மிதித்தால் இரண்டு புள்ளி, பின்னால் மிதித்தால் பந்து எதிரணிக்கு. நடுவர்கள் காணொளியைப் போட்டுப் பார்த்துத்தான் மூன்று என்று உறுதி செய்தார்கள். இது அதிர்ஷ்டம் இல்லை. அலன் பல வருடங்களாகவே இப்படி ஒரு பயிற்சி செய்து வந்தார்: வளையத்தடியில் நிலத்தில் படுத்திருந்து, துள்ளி எழும்பி, பின்பக்கமாக மூலைக்கு ஓடி, வருகிற பந்தை எறிவது. அப்படி ஒரு எறிவு ஆட்டத்தில் எப்போது தேவைப்படும் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. நமது கோர்ட்டுகளில் அந்தக் கோடு வெயிலில் வெளிறி, அரைவாசி கண்ணுக்குத் தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒருவர் பகிடி விட்டார். பார்க்காமல் எறியப் பழகலாமாம்.

மேலதிக நேரத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்பர்ஸ் எடுத்தது ஐந்து புள்ளி, மியாமி எட்டு. 101–100 என்று மியாமி முன்னால் வந்தபின் பார்க்கர் எறிந்ததை போஷ் தட்டிவிட்டார். ஜினோபிலி உள்ளே புகுந்தபோது பந்து கை நழுவியது. அலன் போட்ட இரண்டு ஃப்ரீத்ரோவோடு 103–100. கடைசி மணி அடிக்கும்போது கிரீன் மூலையில் இருந்து எறிந்ததையும் போஷ் மறித்துவிட்டார். ஜினோபிலியை உள்ளே இடித்தார்கள், நடுவர் ஊதவில்லை என்று ஸ்பர்ஸ் ஆதரவாளர்கள் இன்னும் சொல்வார்கள். காணொளியில் பார்த்தால் உடல் படுவது தெரிகிறதுதான். ஆனால் 28 செக்கனில் ஐந்து புள்ளி முன்னால் நின்ற அணி, மேலதிக நேரத்து விசில் ஒன்றை நம்பி இருக்க வேண்டி வந்ததே ஏன் என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு நாள் கழித்து ஏழாவது போட்டி. ஸ்பர்ஸ் உடைந்து போய் வந்திருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கடைசி நிமிடம் வரைக்கும் கூடவே வந்தார்கள். 90–88 என்று இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது டங்கனுக்கு வளையத்துக்குக் கிட்டவே பந்து கிடைத்தது. மறித்தவர் ஷேன் பட்டியே, டங்கனைவிடக் குள்ளர். ஆயிரம் தடவை போட்ட எறிவு. போகவில்லை. திரும்பத் தட்டிப் பார்த்தார், அதுவும் போகவில்லை. மியாமி 95–88 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. டங்கன் நிலத்தில் கையால் அடித்துக்கொண்டது தொலைக்காட்சியில் தெரிந்தது.

ஆறாவது போட்டியில் டங்கன் உள்ளே இருந்திருந்தால் கட்டாயம் வென்றிருக்கும் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இந்த ஏழாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே அவர் உள்ளே நின்றார், பந்தும் கையில் இருந்தது. 28.2 செக்கனில் அவரை வைத்திருந்தால் முதலாவது ரீபவுண்ட் ஸ்பர்ஸுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்புக் கூடியிருக்கும். அவ்வளவுதான் சொல்லலாம். அடுத்த வருடம் இதே இரண்டு அணிகளும் மறுபடி இறுதியில் மோதின. அந்தத் தடவை 4–1. ஸ்பர்ஸ் வென்ற நாலு ஆட்டத்திலும் வித்தியாசம் பதினைந்துக்குக் குறையவில்லை. கடைசி இருபத்தெட்டு செக்கனில் யாரை வெளியே எடுப்பது என்று பொப்போவிச் யோசிக்க வேண்டியே வரவில்லை.